பதினொரு பையும் மாமியின் இன்சுலினும்

வலிகாமத்தில் இருந்து எழுதும் தாயொருவரின் கடிதம் நான்கு பக்கம் நீள்கிறது. சுருக்கம் இதுதான். சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போகிறார்கள்: இவர், கணவர், ஏழு வயது மகள், இரண்டரை வயது மகன், நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடும் 68 வயது மாமி. நுவரெலியாவில் மூன்று இரவு, திரும்பும் வழியில் கண்டியில் ஓர் இரவு. வானும் சாரதியும் பேசியாயிற்று. போன வருடம் திருகோணமலைக்குப் பதினொரு பையோடு போய், தங்குமிடத்துப் படியில் சாமான் ஏற்றியதில் கணவருக்கு நாரி (இடுப்பு) பிடித்து, விடுமுறையில் பாதி கட்டிலிலேயே கழிந்ததாம். அதனால் இந்த முறை “ஆளுக்கொரு பை, அதற்கு மேல் வானில் ஏறாது” என்று கணவர் சொல்லிவிட்டார்.

இவரும் குறைத்துப் பார்க்கிறார். ஆனால் குளிருக்குப் பயந்து போர்வைகள் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் மாறினால் பிள்ளைகளுக்கு வயிறு கெடும் என்று பத்து லீற்றர் கான் இரண்டு, ஒரு ரைஸ் குக்கர், அரிசி, மா எல்லாம் இருக்கின்றன. குறைந்தவை வேறு: மாமியின் குளிசைகள் எல்லாம் ஒரே போத்தலுக்குள், சீனி பார்க்கும் கருவி வீட்டில், பிள்ளைகளுக்குப் போன மாதம் மிஞ்சிய அன்ரிபயோற்றிக் பாணி மருந்து மட்டும். மாமியோ “ஐந்து நாள்தானே, ஊசியை விட்டிட்டுக் குளிசையைக் கூடப் போடுறன்” என்கிறார். அயல்வீட்டார், ஊசி மருந்தை ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பையைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. குறைக்கும் இடம்தான் பிழைத்துவிட்டது. நீங்கள் எழுதிய பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் மட்டும் 20 கிலோ. ரைஸ் குக்கர், அரிசி, மா, சட்டி பானை என்று இன்னொரு பத்துப் பன்னிரண்டு கிலோ. போர்வை, தலையணை, தடித்த துவாய் எட்டு கிலோவாவது வரும். ஐந்து பேருடைய மருந்து, ஊசி, கருவி, பிள்ளைகளின் பாணி எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. நாற்பது கிலோ சாமானைத் தொடாமல், ஒன்றரைக் கிலோ மருந்தில் கைவைத்திருக்கிறீர்கள். மருந்துப் பையை முழுதாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குறைத்தால், ஐந்து பேருக்கும் 25 கிலோவுக்குள் அடங்கும்.

மாமியின் இன்சுலின்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஊசியை விட்டுவிட்டுக் குளிசையைக் கூட்டுவது நடக்கவே கூடாது. இன்சுலின் செய்யும் வேலையைக் குளிசை செய்யாது என்பதால்தான் கிளினிக்கில் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் மெற்ஃபோர்மின் (சீனிக் குளிசை) போட்டால் சத்தி, வயிற்றோட்டம் வரும். சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஐந்து நாள் ஊசி இல்லாமல் சீனி ஏறினால் அடிக்கடி சிறுநீர் போகும், உடல் வரளும், மயக்கம் வரும். இதெல்லாம் றம்பொடை வளைவில் வாகன நெரிசலுக்குள் நடந்தால் என்ன செய்வீர்கள்?

காலையில் 24 அலகு, பின்னேரம் 14 அலகு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 38, ஐந்து நாளைக்கு 190. பத்து மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் 1,000 அலகு இருக்கிறது. பாவனையில் இருக்கும் குப்பி பாதியாக இருந்தாலும் போதும். ஆனாலும் திறக்காத குப்பி இன்னொன்றும் எடுங்கள். கீழே விழுந்து உடைந்தால், புத்தாண்டுக்கு, ஏப்ரல் 13, 14 இல், பாமசிகள் பல பூட்டிக் கிடக்கும். சிரிஞ்ச் பன்னிரண்டு போதும். பாவித்த ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. ஹோட்டல் குப்பைக் கூடைக்குள் போட்டால் அதை அள்ளுகிறவரின் கையில் குத்தும்.

ஐஸுக்குள் புதைக்கும் யோசனை, வெயிலில் வைப்பதைப் போலவே மருந்தைக் கெடுக்கும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பழைய நிலைக்கு வராது, வீச வேண்டியதுதான். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். திறந்த குப்பி 25 பாகைக்குள் ஏறத்தாழ நான்கு கிழமை கெடாது. 30 ஐத் தாண்ட விடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் அதைத் தாண்டும். பூட்டி நிறுத்திய வானுக்குள் இன்னும் மோசம். ஆகவே இப்படிச் செய்யுங்கள். வாய் அகன்ற சிறிய பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீரைக் கொட்டி உள்ளே துடையுங்கள். குப்பிகளைப் பருத்தித் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடுங்கள். கண்டி வரைக்கும் இடையில் ஒரு தடவை, சாப்பாட்டுக் கடையில் ஐஸ் தண்ணீர் வாங்கி இதையே திரும்பச் செய்யலாம். வான் குளிரூட்டியதென்றால் அதுகூடத் தேவைப்படாது.

நுவரெலியாவுக்குப் போனபின் கவலை இல்லை. அறையின் குளிரே போதும். ஹோட்டல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதென்றால் கதவுத் தட்டில் வையுங்கள். உட்சுவரோடு ஒட்டினால் உறைந்துவிடும். மாமி போடுவது கலங்கலான கலப்பு இன்சுலின் என்றால், ஊசி ஏற்றுமுன் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒரே சீரான பால் நிறம் வர வேண்டும். கட்டியோ துகளோ மிதந்தாலும், கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தாலும் அந்தக் குப்பி வேண்டாம்.

இந்தப் பிளாஸ்க் பின்னால் சாமான்களுக்கு அடியில் இருந்தால் பயனில்லை. விடிய நான்கு மணிக்குப் புறப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஊசியைப் போட்டுக்கொண்டு ஏறி, எட்டு மணிக்கு வவுனியா தாண்டிச் சாப்பிட்டால் இடைவழியிலேயே சீனி இறங்கிவிடும். கலப்பு இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடுவது. பயணத்தில், கடையில் உட்கார்ந்து சாப்பாடு சொன்ன பிறகு போடுங்கள். சித்திரையில் நுவரெலியா வீதி அடைத்துக் கிடக்கும், இராச் சாப்பாடும் பிந்தும். ஊசி, சீனி பார்க்கும் கருவி, அதன் சோதனைப் பட்டிகள், ஒரு பைக்கற் பிஸ்கற், சிறிய போத்தலில் சீனி ஆகியவை மாமியின் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம், குளிரிலும் வியர்ப்பது ஆகியவை தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. கண்டோஸ் (சொக்லேற்) கொடுப்பது உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைப் பிந்தவைக்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 ஐ அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவை.

இவ்வளவும் சொன்ன பிறகு, சீனி பார்க்கும் கருவியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்கும். கருவியும் பத்துப் பட்டியும் சேர்ந்து ஒரு கைத்தொலைபேசியின் எடை. விடியற்காலைக் குளிரில் சில கருவிகள் பிழைச் செய்தி காட்டும். பத்து நிமிடம் உடம்போடு அணைத்து வைத்தால் சரிவரும்.

குளிசைகள்

எல்லாவற்றையும் ஒரே போத்தலுக்குள் போட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் கடதாசி உறையில் தரும் குளிசைகளில் வெள்ளையும் வட்டமுமாக ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும். மங்கலான ஹோட்டல் வெளிச்சத்தில் எது பிரஷருக்கு, எது சீனிக்கு என்று மாமிக்குத் தெரியாது. உறையில் பெயரும் அளவும் எழுதியிருக்கிறது அல்லவா, அந்த உறையோடேயே எடுங்கள். ஐந்து நாளைக்கும், மேலதிகமாக இரண்டு நாளைக்கும் எண்ணி வைத்து, மிச்சத்தை வீட்டில் விடுங்கள். எல்லா உறைகளும் சிப் வைத்த ஒரு பொலித்தீன் பைக்குள் அடங்கும். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். கடைசி இரண்டு பக்கங்களைப் படமெடுத்து உங்கள் தொலைபேசியிலும் கணவரின் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கண்டியிலோ நுவரெலியாவிலோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

பயணத்தில் மலசலகூடம் தேட வேண்டி வரும் என்று மாமி நீர்க்குளிசையை நிறுத்தப் பார்ப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நிறுத்தக் கூடாது. பயண நாளில் மட்டும் பிந்திப் போடலாமா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு

மிஞ்சிய அன்ரிபயோற்றிக் பாணியை வீசிவிடுங்கள். தண்ணீர் கலந்த பாணி ஒன்றிரண்டு கிழமையில் வலுவிழந்துவிடும். பிள்ளைகளுக்கு வரும் தடிமலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பெரும்பாலும் காரணம் வைரசு. அன்ரிபயோற்றிக் அதைத் தொடாது. பதிலாக எடுக்க வேண்டியவை இவ்வளவுதான்:

பரசிற்றமோல் பாணி ஒரு போத்தல், அளவுக் குவளையோடு. மகனின் எடை 12 கிலோ என்கிறீர்கள். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது ஏழரை மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 22 கிலோ மகளுக்கு 500 மில்லிகிராம் பனடோல் குளிசையில் பாதி போதும், தனியாகப் பாணி வேண்டாம்.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) மூன்று பைக்கற். ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைத்தால் உப்பின் அளவு மாறிவிடும். 24 மணித்தியாலம் கடந்ததை ஊற்றிவிடுங்கள். இதோடு வெப்பமானி, பிளாஸ்டர், ஒரு சிறிய கிருமிநாசினிக் களிம்பு.

மகள் வளைவில் சத்தி எடுப்பவள் என்பதால் முன் ஆசனத்துக்குப் பின்னால் இருத்தி வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள், தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். ஓட்டையில்லாத பைகள் சிலவும் அவளுக்கு ஒரு மாற்றுடுப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தலைச்சுற்றுக் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் சின்னவனுக்குக் கொடுக்க வேண்டாம், மாமிக்கும் வேண்டாம். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு புது இடத்தில் இரவில் எழும்பினால் விழுந்துவிடுவார்.

பம்பேர்ஸ் கட்டுக் கட்டாக வேண்டாம். புத்தாண்டுக் கடையடைப்பைக் கணக்கில் எடுத்தாலும் முதல் மூன்று நாளைக்குப் பதினைந்து போதும்.

தண்ணீரும் ரைஸ் குக்கரும்

வயிற்றைக் கெடுப்பது ஊர் மாறிய தண்ணீர் அல்ல, கிருமி உள்ள தண்ணீர். கொதித்த தண்ணீர் எந்த ஊரிலும் பிள்ளைக்குப் பொருந்தும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அதுவும் தாராளமாகப் போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். (சோறு வேக மட்டும் கூடுதல் நேரம் எடுக்கும், ரைஸ் குக்கரை விட்டுவிட்டுப் போக அதுவும் ஒரு காரணம்.) அறையில் கேத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள், அது ஒரு கிலோதான். வழிக்கு ஒரு லீற்றர் போத்தல் மூன்று போதும். சின்னவனுக்குக் கடைச் சாப்பாட்டு உறைப்பு ஒத்துவராது என்றால் சிவப்பரிசி மா அரைக் கிலோ எடுத்து, கேத்தில் தண்ணீரில் கரைக்கக்கூடிய விதமாக முன்பே வறுத்து வையுங்கள்.

குளிர்

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு நுவரெலியா என்றதும் போர்வை நினைவுக்கு வருகிறது. கடல் மட்டத்தை விட அங்கே ஏறத்தாழ 12 பாகை குறைவு. சித்திரை இரவில் பத்துப் பன்னிரண்டு பாகை வரை இறங்கலாம். அந்தக் குளிருக்கு ஹோட்டல்காரர் போர்வை தருவார்கள். இன்றைக்கே தொலைபேசியில் நான்கு விடயம் கேளுங்கள்: ஆளுக்கு எத்தனை போர்வை, துவாய் தருவீர்களா, சுடுதண்ணீர் எந்த நேரம், அறையில் கேத்தில் உண்டா. பதிலைப் பொறுத்து எட்டு கிலோ வீட்டிலேயே நிற்கும்.

உடுப்பில் தடித்த ஒன்றை விட மெல்லிய மூன்று அதிகம் சூடு தரும், ஏனென்றால் இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடிக்கிறது. உள்ளே பெனியன், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை. பின்னேர மழைக்கும் காற்றுக்கும் மழைச்சட்டை. கம்பளித் தொப்பியும் இரண்டு சோடி மேசும் (காலுறை). இவை ஒவ்வொருவருக்கும். பகலுக்கு மாற்றுச் சட்டை மூன்று, கீழுடுப்பு இரண்டு. சின்னவனுக்கு மட்டும் ஒரு மடங்கு கூட.

குறைந்த உடுப்போடு போய் அங்கே தோய்த்துக் காயப்போடலாம் என்று பலர் சொல்வார்கள். கண்டியில் அது சரிவரும். நுவரெலியாவின் ஈரக் காற்றில் ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈரத்தோடு போட்டால் குளிர்தான் மிஞ்சும். ஜீன்ஸை வீட்டில் வையுங்கள். தோய்ப்பதென்றால் உள்ளாடையும் மேசும் மட்டும், தடித்த துவாய்க்குள் வைத்து முறுக்கிப் பிழிந்த பின். மெல்லிய சாரம் இரண்டு எடுங்கள்: வானில் போர்வை, குளித்தால் துவாய், வழியில் பிள்ளைக்கு உடுப்பு மாற்ற மறைப்பு.

அறையில் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ மூட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்காதீர்கள். அந்தப் புகையில் மணமில்லாத நச்சு வாயு இருக்கிறது.

மாமியின் பாதம்

நீங்கள் கேட்காத ஒன்று இது, ஆனால் பட்டியலில் “மாமிக்குப் புதுச் சப்பாத்து” என்று இருப்பதைப் பார்த்தேன். நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். புதுச் சப்பாத்து உராய்ந்து கொப்பளம் போட்டாலும் இரவு காலுறையைக் கழற்றும்வரை தெரியாது. ஒரு மாதமாவது வீட்டில் போட்டுப் பழகிய மூடிய சப்பாத்து ஒன்று போதும். அதைக் காலிலேயே போட்டுக்கொண்டு போனால் பையில் இடமும் மிச்சம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்குவதென்றால் உச்சி வெயிலில் வேண்டாம். சுட்ட கல்லில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. நுவரெலியாவில் சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துப் படுப்பதும் இதே ஆபத்துத்தான். இரண்டு சோடி மேசு போடட்டும். குளிக்கும் தண்ணீரின் சூட்டை நீங்கள் கை வைத்துப் பாருங்கள். இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தை ஒரு தடவை பார்க்க மறக்காதீர்கள்.

ஹோட்டன் சமவெளிக்கு மாமியையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு போகும் எண்ணத்தை விடுங்கள். உள்ளே சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மற்றவர்கள் போவதென்றால் மருந்தையும் சாப்பாட்டையும் பொலித்தீன் பையில் அல்லாமல் துணிப் பையிலோ டப்பாவிலோ எடுங்கள். வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள்.

கணவரின் நாரி

ஒரு பெரிய சூட்கேஸை விட இரண்டு சிறிய பை நல்லது. எந்தப் பையும் 7 கிலோவைத் தாண்ட வேண்டாம். தோட்டச் சாமான் நிறுக்கும் தராசு வீட்டில் இருந்தால் கொழுவிப் பாருங்கள். போன வருடம் நாரி பிடித்தது எடையால் மட்டும் ஆகியிருக்காது. வானின் பின்பக்கத்துக்குள் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பினால் பிடிக்கும். பையை விளிம்புக்கு இழுத்து, முழங்காலை மடித்து, உடம்போடு அணைத்துத் தூக்கி, காலால் திரும்பட்டும். கூரை மேல் சாமான் கட்டவே வேண்டாம். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து வந்த முதுகு இறுகியிருக்கும். இறங்கியதும் ஐந்து நிமிடம் நடந்த பிறகு சாமானில் கை வைக்கலாம். மகளின் பை 2 கிலோவுக்குள். மாமிக்குக் கையில் அந்த மருந்துப் பை மட்டும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ தைலம் தடவிக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக மாமியின் கிளினிக் திகதியைப் பாருங்கள். பயண நாட்களுக்குள் விழுந்தால், புத்தாண்டு விடுமுறைக்கு முதல் கிழமையே போய் மருந்தை வாங்கிவிட வேண்டும். போகும்போது வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அதிகம் நடக்கும் நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா, சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால் எந்தக் குளிசையை நிறுத்துவது. விடையைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.